மூன்றாம் இடத்து ஹிஸ்டிடின்

ஜனவரி 8, புதன். சென்னை

531.15, 533.15. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டு பீக்கும் வந்துவிட்டன. உயரம் இரண்டுக்கு ஒன்று என்று சொல்லலாம். தாமிரம் இயற்கையிலேயே 63, 65 என்ற இரண்டு ஐசோடோப்புகளாகக் கிடைக்கிறது. முதலாவது 69 விழுக்காடு, மற்றது 31. இரண்டு அலகு இடைவெளியில் இந்த ஜோடியைப் பார்த்தால் உள்ளே தாமிரம் உட்கார்ந்திருக்கிறது என்று நம்பலாம். துத்தநாகமாக இருந்தால் 64, 66, 67, 68 என்று ஒரு வரிசையே நிற்கும். நிக்கல் என்றால் 58, 60. பெயர்ப்பலகை தேவையில்லை.

நான் எடுத்திருக்கும் பெப்டைடில் இருப்பது நான்கே அமினோ அமிலங்கள்: அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின், ஹிஸ்டிடின், லைசின். மனித ரத்தத்தின் திரவப் பகுதியில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அல்புமின். அதில் 585 அமினோ அமிலங்கள். அந்தச் சங்கிலியின் தலைப்பக்கத்து முதல் நான்கைத்தான் தனியாகச் செய்து வாங்கியிருக்கிறோம். ரத்தத்தில் அல்புமினோடு ஒட்டிப் பயணிக்கும் தாமிரம் பிடித்துக்கொள்வது இந்தத் தலைமுனையை.

கணக்கைக் குறித்து வைக்கிறேன். தாமிரம் இல்லாத துண்டு 470.24இல் வருகிறது. 63 எடையுள்ள தாமிரம் ஏறியபின் 533 ஆகியிருக்க வேண்டும், ஆனால் 531தான். தாமிரம் இரண்டு பிளஸ் மின்சுமையோடு உள்ளே வந்ததால் இரண்டு புரோட்டான்கள் வெளியே போயிருக்கின்றன. ஆனால் அவை எங்கிருந்து போயின என்று எடை சொல்லாது. முதுகெலும்பின் அமைடு நைட்ரஜன்களிலிருந்து போயிருந்தால் இது உண்மையான பிடிப்பு. ஓரத்துக் கார்பாக்சிலிலிருந்து போயிருந்தாலும் அதே 531தான். தராசுக்கு இரண்டும் ஒன்று.

மாதிரி தயாரிப்பு: ஃபார்மிக் அமிலம் ஒரு சொட்டுகூடக் கூடாது. புரதக்காரர்கள் எல்லோரும் பழக்கதோஷத்தில் சேர்ப்பது அது. சேர்த்தால் சிக்னல் அழகாக வரும். ஆனால் புரோட்டான்கள் ஹிஸ்டிடினின் நைட்ரஜனில் ஏறி உட்கார்ந்து தாமிரத்தைத் துரத்திவிடும். அம்மோனியம் அசிடேட்டும் கொஞ்சம் மெத்தனாலும் மட்டும், pH 7.4 பக்கம். கண்ணாடிக் குப்பியும் வேண்டாம். அதிலிருந்து கசியும் சோடியம் ஒவ்வொரு பீக்குக்கும் பக்கத்தில் 22 தள்ளி ஒரு நகலைப் போட்டுவிடும். பிளாஸ்டிக் குப்பிதான்.

ஜனவரி 9, வியாழன்

இன்று நாய்.

நாயின் அல்புமினிலும் தலைப்பக்கத்து நான்கை எடுத்தேன்: குளூட்டமிக் அமிலம், அலனின், டைரோசின், லைசின். மூன்றாம் இடத்தில் ஹிஸ்டிடின் இல்லை, டைரோசின். நாயின் அல்புமினுக்கு மனித அல்புமின்போலத் தாமிரத்தை இறுக்கிப் பிடிக்கும் இடம் இல்லை என்பதையும், அதற்குக் காரணம் இந்த ஒரே மாற்றம் என்பதையும் 1972இலும் 1974இலும் டிக்சனும் பிபுதேந்திர சர்க்காரும் வெளியிட்டார்கள். சர்க்கார் நம் நாட்டுக்காரர். டொரான்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். நாய் அல்புமினின் முதல் 24 அமினோ அமிலங்களைப் பிரித்தெடுத்து, வரிசையைப் படித்து, தாமிரம் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். இன்று நான் காலை முழுக்கச் செய்யும் எடைச் சோதனைக்கான எலக்ட்ரோஸ்பிரே அப்போது யார் கையிலும் இல்லை. நிறத்தையும் அமிலக் கார அளவையையும் வைத்தே கண்டார்கள்.

மூன்றாம் இடம் ஏன் முக்கியம்? சங்கிலியின் முனையிலுள்ள அமீன் நைட்ரஜன் ஒன்று, அடுத்தடுத்த இரண்டு அமைடு நைட்ரஜன்கள், மூன்றாவது அமினோ அமிலமான ஹிஸ்டிடினின் வளையத்து நைட்ரஜன். நான்கும் ஒரே தளத்தில் சதுரமாக நின்று நடுவில் தாமிரத்தை அடைத்துக்கொள்கின்றன. ஹிஸ்டிடின் இரண்டாம் இடத்திலோ நான்காம் இடத்திலோ இருந்தால் இந்தச் சதுரம் இப்படி அமையாது. டைரோசினின் வளையத்தில் நைட்ரஜனே கிடையாது.

எதிர்பார்த்தது: நாய்த் துண்டு 510.26இல் வரும், தாமிரம் ஏறிய பீக் வராது. கிடைத்தது: 510.26 வந்தது, 571.17, 573.17 என்று தாமிர ஜோடியும் ஜம்மென்று வந்தது.

பக்கத்து மேசைத் தம்பி, “அக்கா, அம்பது வருஷத்துப் பேப்பரைக் கவுத்திட்டீங்க” என்றான். கவிழ்க்கவில்லை. ஊசி முனையில் மூவாயிரம் நாலாயிரம் வோல்ட். திரவம் மின்சுமையேறிய நுண்துளிகளாகச் சிதறுகிறது, கரைப்பான் ஆவியாகிறது, துளி சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க உள்ளே இருப்பவற்றின் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. குப்பியில் தள்ளித் தள்ளி இருந்தவை கடைசி நொடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெற்றிடத்துக்குள் நுழைகின்றன. அங்கே பிரித்துவிடத் தண்ணீர் இல்லை. அதோடு நான் தாமிரத்தை ஐந்து மடங்கு அதிகமாக ஊற்றியிருந்தேன். அந்த அளவுக்கு எந்தப் பெப்டைடும் கொஞ்சம் தாமிரத்தைப் பிடிக்கத்தான் செய்யும். நாய்த் துண்டு பிடிக்கவே பிடிக்காது என்று டிக்சனும் சர்க்காரும் சொல்லவும் இல்லை; பிடி தளர்ந்தது என்பதே அவர்கள் கண்டது.

மதியம் இரண்டையும் ஒரே குப்பியில் சம அளவு கலந்து, தாமிரம் அதில் பாதிக்கும் குறைவாக விட்டேன். இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தனித்தனியாக எடுத்த ஸ்பெக்ட்ரத்தை அச்சுக்கு அனுப்புவார்கள். 531 ஓங்கி நின்றது. 571 தரையோடு தரை.

இங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. ஹிஸ்டிடின் இருக்கும் துண்டு புரோட்டானை எளிதில் ஏற்கும். அதனால் இயந்திரத்தில் இயல்பாகவே சத்தமாகப் பேசும். ஆகவே 531ஐ 571ஓடு நேராக ஒப்பிடக் கூடாது. 531ஐ அதன் சொந்த 470ஓடும், 571ஐ அதன் சொந்த 510ஓடும் ஒப்பிட்டு, பிறகு அந்த இரண்டு விகிதங்களைப் பக்கத்தில் வைக்க வேண்டும். வைத்தேன். முடிவு மாறவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

ஊருக்குப் பொதிகை ரயிலில் படுக்கை உறுதியானது. பொங்கல் கூட்டம். லேப்டாப்பில் எல்லாத் தரவும் இருக்கிறது. ஊரில் பார்க்க வேண்டாம் என்று என் வழிகாட்டி சார் சொன்னார். பார்ப்பேன் என்று அவருக்கும் தெரியும்.

ஜனவரி 11, சனி. இராஜபாளையம்

விடியலில் இறங்கியதும் மேற்கே மலை. சென்னையில் கண்ணுக்குப் பழகிப்போன தட்டைத்தன்மை ஒரு நிமிடத்தில் மறந்துவிடுகிறது.

மாமா வீட்டு நாயைப் பார்க்கத்தான் முதலில் போனேன். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால். எங்கள் ஊர்ப் பெயரை ஊருக்கு வெளியே கொண்டுபோனதில் பஞ்சாலைகளுக்கு அடுத்த பங்கு இந்த நாய்க்கு. 2005இல் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் ஒன்று. சென்னை சைதாப்பேட்டையில் அரசே இதற்கு ஓர் இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில் குட்டிகள் சில காது கேளாமல் பிறக்கின்றன. அதை மாமா பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

மாமாவிடம் மூன்றாம் இடத்துக் கதையைச் சொன்னேன். “அப்ப எங்க நாய்க்குக் குறைன்றியா தாயி?” குறை இல்லை மாமா, நாய் சாதிக்கே அப்படித்தான், அல்சேஷனுக்கும் அதேதான் என்றேன். அதில் கொஞ்சம் சமாதானமானார். “தாமிரம் எப்படித்தான் உள்ள போகும் பின்ன?”

நல்ல கேள்வி. அல்புமினில் தலைமுனையைத் தவிர உலோகம் உட்காரும் வேறு இடங்களும் உண்டு, பிடி தளர்ந்தவை. ரத்தத்தில் தனியாகச் சுற்றும் ஹிஸ்டிடின் அமினோ அமிலமும் தாமிரத்தைச் சுமக்கும். உணவிலிருந்து வரும் அளவுக்கு இவை போதும். அல்புமினே இல்லாமல் பிறக்கும் எலிகளும் மனிதர்களும்கூடத் தாமிரக் குறையால் சாவதில்லை.

நாய்களுக்குக் கல்லீரலில் தாமிரம் சேரும் நோய் வருவது உண்டு. பெட்லிங்டன் டெரியர் என்ற ஆங்கிலேய இனத்தில் அது அதிகம். மூன்றாம் இடத்து டைரோசினைப் பலர் அதற்குக் காரணமாகச் சந்தேகித்தார்கள். 2002இல் தெரிந்தது வேறு: பித்தநீர் வழியே தாமிரத்தை வெளியேற்ற உதவும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. எல்லா நாய்க்கும் பொதுவான டைரோசினால் ஒரே இனத்தின் நோயை விளக்க முடியாது என்பதை அதற்கு முன்பே யோசித்திருக்கலாம்.

ஜனவரி 12, ஞாயிறு. அய்யனார் கோவில்

கூட்டம் வருமுன் போய்விடலாம் என்று விடிந்ததும் கிளம்பினோம். மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இருபுறமும் தென்னையும் மாவும். ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டும்போது அப்பா வழக்கம்போல் வண்டியின் வேகத்தைக் குறைத்து மட்டத்தைப் பார்த்தார். ஊருக்குக் குடிநீர் அதிலிருந்து. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருப்பவருக்கு, துணியை வெளுக்கும் தண்ணீரும் கணக்கில் சேரும்.

வனத்துறைச் சாவடியில் பிளாஸ்டிக் பையைச் சோதித்தார்கள். 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் ஆனபின் கெடுபிடி கூடியிருக்கிறது, கூடத்தான் வேண்டும். அதற்கு முன்பே, 1988இலிருந்தே, இது சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயம். மருத மரத்தின் உச்சிக்கொப்பில் ஒன்று தெரிந்தது. அம்மா வால் மட்டும் பார்த்தார்.

ஆற்றைக் கடந்துதான் கோவில். மார்கழி கடைசியில் தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. மலையில் மழை பெய்தால் இதே இடத்தில் அக்கரையில் நிற்பவர்களைத் தீயணைப்புப் படை கயிறு கட்டி மீட்ட செய்திகள் வரும். நீர் காத்த அய்யனாருக்கு வெளிச்சம் வருமுன்னே பொங்கல் வைத்துவிட்டிருந்தார்கள் யாரோ.

பாறையில் உட்கார்ந்து அம்மா கேட்டார்: “ஒன் மிஷின்ல இந்தத் தண்ணியக் குடுத்தா என்னென்ன இருக்குன்னு சொல்லுமா?” சொல்லும், ஆனால் என் மிஷின் அதற்கு ஆனது இல்லை. தண்ணீரில் எவ்வளவு தாமிரம், எவ்வளவு ஈயம் என்று எண்ண வேறொன்று இருக்கிறது: ஆறாயிரம் டிகிரிக்கும் மேலான பிளாஸ்மாவில் மாதிரியை விட்டு, எல்லாக் கூட்டையும் அணு அணுவாக உடைத்து எண்ணுவது. அதில் அளவு துல்லியமாகத் தெரியும். யார் யாரோடு இருந்தார்கள் என்பது அழிந்துவிடும். என்னுடையது நேர் எதிர். உடைக்காமல் கூட்டாளிகளோடு தூக்கிக் கொண்டுபோவது.

அப்படித் தூக்கலாம் என்று காட்டியவர் ஜான் ஃபென். மின்தெளிப்பால் பெரிய மூலக்கூறுகளை ஆகாயத்தில் ஏற்றும் யோசனை 1968இலேயே மால்கம் டோலுக்கு வந்தது. அதைப் புரதங்களில் நடத்திக்காட்டியது 1980களின் கடைசியில் யேலில் ஃபென். அப்போது அவருக்கு எழுபது வயது ஆகிவிட்டது. நோபல் 2002இல், 85ஆம் வயதில், ஜப்பானின் கோய்ச்சி தனாக்காவோடும் குர்ட் வூத்ரிக்கோடும் சேர்ந்து. தன் நோபல் உரைக்கு ஃபென் வைத்த தலைப்பு மூலக்கூறு யானைகளுக்கு எலக்ட்ரோஸ்பிரேச் சிறகு என்ற பொருளில் வரும். அப்பாவிடம் சொன்னேன். “இந்தக் காட்டு ஆனைக்குச் செறகு வந்தா தோப்பு என்னத்துக்கு ஆகும்” என்றார். மலையடிவாரத் தோப்புக்காரர்களின் கவலை அது. வாழையையும் தென்னங்கன்றையும் யானைக்கு விட்டவர்கள் இந்தச் சாலையில் அநேகம்.

இரண்டு துண்டையும் கலந்த போட்டிக் குப்பியை விளக்கியபோது மட்டும் அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். “ஆத்துல தண்ணி ஓடும்போது யாரு மொதல்ல மோந்தான்னு எவனும் பாக்க மாட்டான். லாரித் தண்ணிக்கு நிக்கிறப்பதான் யாரு கை நீளம்னு தெரியும்.” முனைவர் பட்டக் குழுவின் முன் இதைத் தமிழிலேயே சொல்லிவிடலாம் என்று இருக்கிறது.

ஜனவரி 13, திங்கள். போகி

தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்த புகை. கதவைச் சாத்திக்கொண்டு 532ஐப் பார்த்தேன்.

531க்குப் பக்கத்தில் 532இல் சின்னப் பீக் ஒன்று இருந்தாக வேண்டும். துண்டில் 19 கார்பன்கள். ஒவ்வொரு கார்பனும் 13 எடையுள்ள வகையாக இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஏழு நைட்ரஜன்களின் பங்கையும் சேர்த்தால் 532இன் உயரம் 531இல் சுமார் 23 விழுக்காடு வர வேண்டும். என் தரவில் அதைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கிறது.

காரணம் ஒன்றுதான் தோன்றுகிறது. தெளிக்கும்போது தாமிரம் சில நேரம் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு இரண்டு பிளஸ்ஸிலிருந்து ஒரு பிளஸ்ஸுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கியது பெப்டைடோடு ஒட்டினால் எந்தப் புரோட்டானும் வெளியேற வேண்டியதில்லை, எடை 532.16. கார்பன்-13ஆல் வருவது 532.15. வித்தியாசம் 0.0045. இதைப் பிரித்துக் காட்ட ஒரு லட்சத்துக்கும் மேலான பகுதிறன் தேவை. எங்கள் இயந்திரம் பறக்கும் நேரத்தை வைத்து எடை பார்ப்பது. அவ்வளவு கூர்மை அதற்கு இல்லை. அந்தக் கூர்மையுள்ள ஆர்பிட்ராப் கருவி இருக்கும் இடத்தில் நேரம் கேட்க வேண்டும்.

இது சில்லறை விஷயம் இல்லை. ஒரு பிளஸ் தாமிரம் சதுரத்தில் உட்காராது. அதற்குப் பிடித்த அமைப்பு வேறு. மூன்றாம் இடத்துச் சதுரம் இரண்டு பிளஸ் தாமிரத்துக்கானது. ஆக என் 532இல் ஒரு பங்கு, குப்பியில் இருந்த கூட்டைப் பற்றியது அல்ல. ஊசி முனையில் பிறந்த ஒன்றைப் பற்றியது. மெத்தனாலைக் குறைத்து, மின்னழுத்தத்தை இறக்கி, திரும்ப எடுத்தால் 532 தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். தாழ்ந்தால் அது இயந்திரத்தின் கைவேலை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

எதுவும் பார்க்கவில்லை. பானை வடக்கே பொங்கியது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மாமாவுக்கு மாடு இல்லை, டிராக்டருக்குச் சந்தனம் வைத்தார்.

தோப்பு ஓரத்தில் மயில்துத்த மூட்டை பார்த்தேன், தாமிர உப்பு. சுண்ணாம்போடு கலந்து தென்னைக் குருத்தழுகலுக்கு ஊற்றுவார்கள். போர்டோ கலவை. 1880களில் பிரான்ஸில் திராட்சைக் கொடிக்கு மில்லார்டே கொண்டுவந்தது, இன்றும் அய்யனார் கோவில் சாலைவரை ஓடுகிறது. எங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்திலும் இதே மயில்துத்தம்தான்: முட்டை வெள்ளைக்கருவில் காரம் விட்டு, இரண்டு சொட்டுத் துத்தம் விட்டால் ஊதா. பையூரெட் சோதனை என்று எழுதி, புரதம் உள்ளது என்று முடித்துவிடுவோம். அந்த ஊதாவில் நடப்பது, தாமிரம் பெப்டைடு முதுகெலும்பின் நைட்ரஜன்களைப் பிடிப்பது. அங்கே அதைச் சாதிக்கக் கடும் காரம் தேவைப்பட்டது. மூன்றாம் இடத்து ஹிஸ்டிடின் அதை ரத்தத்தின் சாதாரண நிலையிலேயே சாதிக்கிறது. என் துண்டைக் கொஞ்சம் கெட்டியான கரைசலாக்கித் தாமிரம் விட்டபோதும் நீலம் போய் ஊதா வந்தது. பத்தாம் வகுப்பு ஆசிரியை அருகில் இருந்திருக்கலாம்.

அப்பத்தா தவலையில் இரவே தண்ணீர் பிடித்து வைத்துக் காலையில் குடிப்பவர். செம்புத் தவலை. “இதுல வியாதி வராதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்” என்று என்னிடம் சாட்சி கேட்டார். 2012இல் பெங்களூரு ஆய்வாளர்கள், வயிற்றுப்போக்குக் கிருமிகளைச் சேர்த்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். கிருமிகளை வளர்த்தெடுக்க முடியவில்லை. தண்ணீரில் இறங்கிய தாமிரம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம். இந்தியத் தரம் கடுமையானது: 0.05 விரும்பத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. ஆகவே அப்பத்தா குடிக்கலாம். ஆனால் மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் அதில் வைக்கக் கூடாது; புளிப்பு தாமிரத்தை நிறைய இறக்கிவிடும். சொல்ல வாயெடுத்தேன். “ஈயம் பூசாத பாத்திரத்துல எவடி புளிக்கொழம்பு வைப்பா?” என்று மடக்கிவிட்டார்.

குடலில் ஏறும் தாமிரம் கல்லீரலுக்குப் போகும் வழியில் அல்புமினின் மூன்றாம் இடத்தில் ஏறிக்கொள்ளும். மனித அல்புமின் அதைப் பிடிக்கும் வலுவைச் சொல்வதானால், லிட்டரில் ஒரு மோலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் தாமிரம் தனியாக இருந்தாலும் பிடித்துவிடும். அப்படிப் பிடிப்பதால்தான் தாமிரம் கண்ட இடத்தில் நின்று கேடு செய்யாமல் போகிறது.

மென்கிஸ் நோயுள்ள குழந்தைகளுக்கு நேரெதிர்: குடலிலிருந்து தாமிரம் ஏறவே ஏறாது. 1962இல் ஜான் மென்கிஸ் விவரித்தார். காரணம் அப்போது தெரியவில்லை. பத்தாண்டு கழித்து மெல்போர்னில் டேவிட் டேங்க்ஸ், அந்தக் குழந்தைகளின் முறுக்கிய முடியைப் பார்த்து, தாமிரம் குறைந்த மேய்ச்சல் நிலத்து ஆஸ்திரேலியச் செம்மறியின் கம்பளி இப்படித்தான் இருக்கும் என்று நினைவுகூர்ந்து தாமிரத்தை அளக்கச் சொன்னார். குறைந்திருந்தது. தாமிரத்தை எந்த வடிவில் ஊசி போடுவது என்ற கேள்விக்கு விடை கொடுத்தது சர்க்காரின் பழைய வேலை: ரத்தத்தில் இயல்பாக இருக்கும் தாமிர–ஹிஸ்டிடின் கூட்டு. 1976இலிருந்து சர்க்கார் அதைக் கொடுத்துப் பார்த்தார். பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கிய குழந்தைகள் சிலருக்குப் பலன் இருந்தது. தாமதமானால் பலன் குறைவு. நாய் அல்புமினை நோண்டிய அதே மனிதர். எது எதற்கு உதவும் என்று கேட்கிற உறவினர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். ஊரே அய்யனார் கோவிலுக்குக் கிளம்பியது. நாங்கள் எதிர்த்திசையில் திருவில்லிபுத்தூர், அத்தை வீட்டுக்கு. திரும்பும்போது பால்கோவா. பாலிலுள்ள கேசினைச் செரிக்கும்போது பாஸ்பேட் ஏறிய சிறு பெப்டைடுகள் கிடைக்கும். அவை கால்சியத்தைக் கெட்டியாகப் பிடிக்கும். அத்தையிடம் சொல்லப் போனேன்; “திங்கிறத நிம்மதியாத் தின்னு” என்று வாயடைத்தார்.

அப்பாவின் தறிக்கூடத்தில் வேறொரு பேச்சு. பேண்டேஜ் துணியில் செம்புப் பெப்டைடு தடவினால் காயம் சீக்கிரம் ஆறுமாம், வெளிநாட்டு விளம்பரம் ஒன்று வாட்ஸாப்பில் வந்திருக்கிறது. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்றே அமினோ அமிலத் துண்டு அது. 1973இல் லோரன் பிக்கார்ட் மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார். தாமிரத்தோடு சேர்ந்து 402.1, 404.1இல் வரும். ஹிஸ்டிடின் அங்கே இரண்டாம் இடத்தில். எனவே பிடிப்பின் வடிவம் வேறு, வலுவும் மூன்றாம் இடத்தைவிடக் குறைவு. கலத்தட்டிலும் விலங்குகளிலும் நல்ல அறிகுறிகள் உண்டு. முகத்தில் பூசும் குப்பிகளின் விலையைத் தாங்கும் அளவுக்கு மனிதரிடம் சான்று இல்லை என்பது என் எண்ணம். அப்பாவிடம் சொன்னது சுருக்கம்: இப்போதைக்குத் துணியை நன்றாக வெளுத்து அனுப்புங்கள்.

ஜனவரி 18, சனி. சென்னை

சாரிடம் போட்டிக் குப்பியைக் காட்டினேன். விகிதத்தை ஏற்றார், 532ஐ ஏற்கவில்லை. மெத்தனால் இல்லாமல் எடுத்து வா என்றார். நாய்த் துண்டை அதிகத் தாமிரத்தில் தனியாக எடுத்த ஸ்பெக்ட்ரம் பார்க்க அழகு, அதைக் கருத்தரங்கப் போஸ்டரில் போடலாமே என்று பக்கத்து மேசைத் தம்பி கேட்டான். போட்டால் பார்ப்பவர் நாய் அல்புமினும் மனித அல்புமினும் ஒன்று என்று புரிந்துகொண்டு போவார்.

அடுத்த வாரம் மூன்றாவது போட்டியாளர்: தனி ஹிஸ்டிடின், ரத்தத்தில் இருப்பதுபோல. இரண்டு ஹிஸ்டிடின் ஒரு தாமிரத்தைப் பிடித்தால் 372.06, 374.06. மனிதத் துண்டு தன் தாமிரத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது, நாய்த் துண்டிடம் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்க்கலாம். அதன்பின் நிக்கல்: 526.16, 528.15. தாமிரத்தை அளவோடு விட்டு, எதிராளியோடு எடுக்காத எந்த ஸ்பெக்ட்ரமும் ஆய்வேட்டில் பிடிப்புக்குச் சான்றாக இடம்பெறாது.